வீரர் உடற்பயிற்சி வரலாறு: கீழ்பென்னாத்தூர்ச் சீமையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி



நம் சங்கத்துத் திங்களிதழில் முன்னோர் வீரத்தைப் புகழ்ந்து வரையப்பெறும் கட்டுரைகளுக்கு எக்காலத்தும் குறைவு நேர்ந்ததில்லை. அவற்றை வரைந்தவருள் யானும் ஒருவன். வீரம் நம் குருதியில் ஊறியதென்றும், பயிலாமலே நம்மிடத்து விளங்குவதென்றும் யானும் பன்முறை எழுதியதுண்டு. இப்பொழுது அங்ஙனம் எழுத என் கை துணியவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, சான்றுகளை ஊன்றி நோக்குமிடத்து அவை வேறொன்று கூறுகின்றன. இரண்டாவது, அவ்வெழுத்தை மெய்யென நம்பிய நம் இளைஞர் சிலர், உடலைப் பண்படுத்தாமலே கம்பும் வாளும் ஏந்தித் தோளையும் மணிக்கட்டையும் கெடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். வீரர் தம் உடலை எங்ஙனம் ஆக்கிக்கொண்டனர் என்னும் வரலாற்றை உள்ளவாறு கூறுதல் நமக்குக் கடமையாயிற்று. அதனை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

நிலத்தின் இயல்பு

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில், அவ்விரண்டிற்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த ஊர். மேற்கே அண்ணாமலையும், கிழக்கே செஞ்சிக் கோட்டையும், அண்ணாமலைக்கும் மேற்கே செங்கத்துக் காட்டுநிலமும் சூழ்ந்த இச்சீமை, நெடுங்காலம் படைகள் நடந்த வழியாகும். திருவண்ணாமலைத் தாலுகா முன்பு தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1911ஆம் ஆண்டில் வடஆர்க்காட்டோடு இணைக்கப்பெற்றது; 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆட்சியின் எல்லைகள் இங்ஙனம் மாறினும், நிலம் மாறவில்லை. பாறையும், மானாவாரிப் புன்செய்யும், ஏரிப் பாசனமும் உடைய இந்நிலத்தில் ஆநிரையே செல்வம். செல்வத்தைக் காத்தற்கு வலிய உடலே அரண்.

நடுகற் சான்று

இதற்கு முதற்சான்று செங்கத்து நடுகற்களாம். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையார் 1972ஆம் ஆண்டில் டாக்டர் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். பல்லவர் காலந்தொட்டு எழுந்த இக்கற்கள் பலவற்றில் எழுத்து வட்டெழுத்து. செய்தி ஆநிரைப் போர். தொறுக் கொண்டு போனாரை எதிர்த்துப் பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்பனவே திரும்பத் திரும்ப வரும் செய்திகள். தொறு என்பது ஆநிரை. வெட்சி, கரந்தை என்று தொல்காப்பியம் வகுத்த திணைகள் இங்கே கல்லாய் நிற்கின்றன.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் மிக அரியது. முதல் மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காத்துப் பட்டான். கோவிவன் என்னும் அவனது நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுடைய பெயரோடு நாயின் பெயரும் கல்லில் ஏறியது. மன்னன் பெயரால் ஆண்டு குறிக்கப்பெற்ற கல்லில், எருமை மேய்த்தவனும் அவனுடைய நாயும் சிறப்பிக்கப்பெற்றமை கருதத்தக்கது.

இக்கற்களில் உள்ள உருவங்களையும் நோக்குக. கையில் வில், அல்லது வாளும் கேடயமும், இடையில் குறுவாள், கால்கள் பெரும்பாலும் அகன்று ஒரு பக்கம் சாய்ந்து பாய்வன போல நிற்கும். அந்நிலை ஓடியும் தாவியும் உரம் பெற்ற தொடைகளின் நிலை. கல் தச்சன் கண்டதையே செதுக்கினான். ஆநிரையின் பின்னே நாள்தோறும் காதவழி நடந்தவனும், வில் நாணை நாள்தோறும் இழுத்தவனும் தொழிலாலேயே பயிற்சி பெற்றான். அவனுக்குத் தனியாகப் பயிற்சிக்கூடம் தேவைப்படவில்லை. வாழ்க்கையே கூடமாக இருந்தது. இது நாம் மறக்கலாகாத முதற் செய்தி.

இனி, இவ்வீரர் ஒரே குலத்தாரோ என ஆராயின், அங்ஙனம் கூறக் கற்களில் இடமில்லை. வாணகோவரையரின் சேவகரும், ஊர்க் காவலரும், மேய்ப்பரும் எனப் பலவகையினர் பட்டு வீழ்ந்துள்ளனர். பிற்காலச் சோழர் படையை நோக்கினும் அஃதே நிலை. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் வில்லிகள், வேளைக்காரர், குதிரைச் சேவகர் எனப் படைகள் பல பேசப்படுகின்றன. சோழர் கல்வெட்டுகளிற் கைக்கோளப் படையும் பேசப்படுகின்றது. ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் முன்னோரை அவற்றுட் காண்பர், காண்பது தவறன்று. தம் முன்னோரை மட்டுமே காண்பதுதான் தவறு.

மல்லரும் நூல்களும்

தொழிலினின்று பிரித்து, பயிற்சியையே பயிற்சிக்காகச் செய்த கூட்டத்தார் மல்லர். சங்க காலத்திலேயே மற்போர் சிறந்திருந்தது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் உளது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் சிறப்புப்பெயர் தாங்கினான். கடல்மல்லை அப்பெயரால் மாமல்லபுரம் ஆயிற்று. அரசனுக்கு மல்லன் என்பது புகழ்ப்பெயராயிருந்த காலம் அது.

மல்லர் தம் உடலை ஆக்கிய முறையை நூலாக எழுதிவைத்தவன் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன். அவன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலியாண நகரிலிருந்து ஆண்டவன். மானசோல்லாசம் என்னும் அவனது வடமொழி நூலில் மல்லவினோதம் என ஒரு பகுதி உண்டு. மல்லரை வயதாலும் வலிமையாலும் தரம் பிரித்தல், அவர்களது உணவு, பிடிகள், பயிற்சிகள் ஆகியன அதிற் கூறப்படுகின்றன. பாரம் தூக்குதல் பாரசிரமம். வைகறையில் நெடுந்தூரம் நடத்தல் பிரமணசிரமம். நீரில் நீந்துதல் சலிலசிரமம். நட்ட தூணைப் பற்றி ஏறியும் சுற்றியும் பழகுதல் ஸ்தம்பசிரமம். வலிமைக்குப் பாரம், மூச்சுக்கு நடை, முழுவுடலுக்கு நீச்சல், பிடிக்குத் தூண் என்று நான்கும் நான்கு பயன் கருதியன. இன்று மேல்நாட்டார் வீரர்க்கு வகுக்கும் பயிற்சித் திட்டத்திலும் இந்நான்கு கூறுகளே வேறு பெயரால் விளங்குகின்றன.

கூர்ஜர நாட்டு ஜேஷ்டிமல்லரின் மல்லபுராணம் என்னும் நூல் இதனினும் விரிவானது. படி ஏறுதலும், இரவு உணவுக்குப் பின் உலாவுதலும் அதிற் பயிற்சிகளாக எண்ணப்படுகின்றன. தூணைப் பற்றிய பயிற்சி நம் பக்கத்தில் மல்லர் கம்பம் என வழங்குவது. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் ஆசிரியர் பாலம்பட்ட தேவதர் மராட்டிய நாட்டில் அதனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெழுப்பினார். நமக்கு அண்டையிலுள்ள விழுப்புரம் இன்று தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்திற்குப் பேர்பெற்ற ஊராய் விளங்குவது நம் சீமையார் மகிழத்தக்க செய்தி.

கிருஷ்ணதேவராயரின் வைகறை

அரசர் ஒருவர் நாள்தோறும் செய்த பயிற்சியை நேரிற் கண்ட அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. 1520ஆம் ஆண்டளவில் விஜயநகரத்திற்கு வந்த தொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதியது அது. இராயர் விடியுமுன் எழுந்து, ஏறக்குறையக் கால்படி நல்லெண்ணெயைக் குடிப்பார். அதே எண்ணெயை உடலெங்கும் பூசிக்கொள்வார். இடையில் சிறு துணி மட்டும் உடுத்து, மண்ணாலாகிய பெரும் பாரங்களைக் கைகளில் எடுத்துப் பயில்வார். பின் வாளேந்தி, பூசிய எண்ணெய் முழுவதும் வியர்வையோடு வெளிப்படும்வரை சுழற்றுவார். அதன்பின் தம் மல்லருள் ஒருவரோடு மற்போர் புரிவார். பின்னர்க் குதிரையேறி விடியும்வரை வெளியிற் பாய்ந்தோட்டுவார். இவ்வளவும் முடிந்த பின்னரே நீராட்டம்.

இதன் ஒழுங்கைக் கருதுக. முதலில் உடலைச் சூடேற்றல். அடுத்துப் பாரத்தால் வலிமை. வலிமை ஏறிய கையால் ஆயுதப் பழக்கம். அதன்பின் எதிரியோடு நேரே பிடி. ஈற்றில் நெடுநேர உழைப்பு. ஆயுதம் இரண்டாவதாக வருகின்றது. பாரம் முன்னே நிற்கின்றது. நாடாளும் வேந்தன், வேறெவ்விதப் புகழும் தேடவேண்டாதவன், வைகறைதோறும் வியர்வை சிந்தினான். குலப்பிறப்பே போதுமாயின் அவனுக்கு இவ்வுழைப்பு எதற்கு? சில ஆண்டுகட்குப் பின் எழுதிய நூனிஸ் என்பவர், அரசவை விழாக்களில் ஆயிரம் மல்லர் போர் புரிந்தனர் என்றும், கூர்முனை வளையங்களைக் கையிற் கொண்டு தாக்கினர் என்றும் குறித்துள்ளார்.

இவ்விராயர் நமக்கு அயலார் அல்லர். திருவண்ணாமலைத் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் அவர் திருப்பணிகள். 217 அடி உயர்ந்த கிழக்கு இராஜகோபுரம் அவர் தொடங்கியது. தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தது. கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் நம் பிள்ளைகளுக்கு, அதனைத் தொடங்கினவர் விடியுமுன் மண்பாரம் தூக்கினவர் என்பதையும் கூறுவோமாக.

வல்லாளரும் செஞ்சியும்

அவருக்கும் இருநூறு ஆண்டுகட்கு முன், ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 1328ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலையைத் தம் தலைநகராகக் கொண்டார். 1342-43இல் மதுரைச் சுல்தானோடு கண்ணனூரை முன்னிட்டு நிகழ்ந்த போரில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவர்க்கு அகவை ஏறத்தாழ 80 என இபின் பதூதா எழுதியுள்ளார். எண்பதாம் அகவையில் பாசறையில் இருந்த மன்னர் அவர். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் என்னும் முறையில் வல்லாளர்க்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் நடைபெறுகின்றது. அவரை எம்மவர் எம்மவர் எனப் பல குலத்தார் உரிமை பாராட்டுவர். இறைவனே மகனாயினான் எனில், குலங்கள் வழக்கிட்டு ஆவதென்?

செஞ்சியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் முக்குன்றங்களை மதிலாற் பிணித்த அக்கோட்டையைச் சிவாஜி மகராஜர் 1677இல் கைக்கொண்டார். முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை அதனை முற்றுகையிட்டே பிடிக்க முடிந்தது. 1714இல் தேசிங்குராஜன் அதன் பொருட்டுப் போரிட்டு மடிந்தான். அவனோடு தோளிணைந்து உயிர்விட்ட நண்பன் மோவத்கான் என்று நாட்டுக்கதை கூறும். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் படைத்தலங்கள் என்னும் தொகுதியுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

அக்கோட்டையினுள், கலியாண மகாலுக்கும் களஞ்சியங்களுக்கும் அணித்தாக, வியாயாமசாலை, அஃதாவது உடற்பயிற்சிக்கூடம் என வழங்கும் கட்டடம் ஒன்று நிற்கின்றது. காண்பார் பலர் அதனைக் கடந்து இராஜகிரிக்கு விரைவர். நெற்களஞ்சியமும் பயிற்சிக்கூடமும் அருகருகே அமைந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. உண்ண நெல்லும், உண்டதை உரமாக்கப் பயிற்சியும் இருந்தாலன்றி மதிலால் மட்டும் கோட்டை நில்லாது. இராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். அதன்மேற் காவல் நின்றவனுக்கு ஏற்றமே நாட்பயிற்சியாய் இருந்திருக்கும் என்பதை, ஒருமுறை ஏறி மூச்சு வாங்கியவர் எவரும் மறுக்கமாட்டார்.

விழாவும் உடலும்

கோட்டைக்கு வெளியே, ஊர்களில் இப்பயிற்சியைக் காத்தவை விழாக்களே. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் அவ்வழிபாட்டின் ஆதிக்கோயிலாகக் கருதப்படுவது. அங்கிருந்து நம் சீமை முழுவதும் பாரத விழாவும் தெருக்கூத்தும் பரவின. அர்ச்சுனன் தபசுக்கு நட்ட நெடுமரத்தில், வேடம் பூண்டபடி, பாடிக்கொண்டே ஏறுபவனைக் கண்டிருக்கிறீர்கள். பிடியும் தோளும் மூச்சும் ஒருங்கே இயங்கினாலன்றி அஃது இயலாது. மரக்கட்டையாலாகிய கிரீடமும் புஜகீர்த்தியும் தாங்கி, இரவு முழுதும் அடவு பிடித்து, விடியலில் படுகளத்தில் துரியோதனனாய் நிற்கும் கூத்தர், மல்லர்க்கு எவ்விதத்திலும் தாழ்ந்தவர் அல்லர்.

கார்த்திகைத் தீபத்தை நோக்குக. ஆளுயரக் கொப்பரையை 2,668 அடி உயர்ந்த அண்ணாமலை உச்சிக்குத் தோளில் சுமந்தேற்றும் திருத்தொண்டு நடைபெறுகின்றது. மகாதீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு உரியது. செங்குத்தான பாறையில் பலர் ஒரு மனமாய், ஒரே அடியாய்ச் சுமந்தேறுதல் எத்தகைய பயிற்சி என்பதைச் சொல்லவேண்டா. நாம் அவர்களைக் கண்டு கைகூப்புகின்றோம். அவர்களுடைய கால்களைக் கண்டு கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

கரடிக்கூடத்து ஒழுங்கு

சிலம்பமும் மற்போரும் பயிலும் இடம் நம் பக்கத்தில் கரடிக்கூடம் எனப்படும். கன்னட நாட்டார் கரடிமனை என்பர். சொல் ஒன்றாயிருத்தல், இக்கலை மொழியெல்லை கடந்து பயின்றதைக் காட்டும். மண்தரை, ஓர் அனுமார் படம் அல்லது அம்மன் விளக்கு, சுவரோரம் கர்லாக்கட்டைகள், மூலையிற் கம்புகள்: இவ்வளவே அதன் உடைமை. மாணாக்கன் மண்ணைத் தொட்டு வணங்கி உள்ளே அடிவைப்பான்.

பழைய வாத்தியார் முறையில் முதலிற் கம்பு கைக்கு வாராது. முதலில் தண்டாலும் பஸ்கியும். தண்டாலில் மார்பும் தோளும் கையின் பின்புறமும் உழைக்கும். உடல் பாம்புபோல் வளைந்தெழுகையில் முதுகுத்தண்டும் நீளும். பஸ்கியில் தொடையும் இடுப்பும் உரம் பெறும். எண்ணிக்கை ஏற ஏற மூச்சும் கட்டுப்படும். அடுத்துக் கர்லாக்கட்டை. அதன் பாரம் முழுதும் நுனிப்பக்கம் இருத்தலால், கைக்குள் அடங்கிய சிறு கட்டையும் சுழலும்போது பெரும் பாரமாய் இழுக்கும். அதனைத் தலைக்குப் பின் சுழற்றி முன்னே கொணரும்போது தோட்பட்டையைச் சுற்றிய சிறு தசைகளும், பிடியும், மணிக்கட்டும் ஒருங்கே பயிலும். கம்பு சுழற்றுவதற்கு வேண்டிய அசைவு இதுவே. ஆனால் பாரம் மிக்கது. பாரம் மிக்கதில் நிதானமாகப் பழகிய தோளுக்குக் கம்பு இறகுபோல் ஆகும். பழகாத தோள் கம்பின் வேகத்தைத் தடுத்து நிறுத்த இயலாமல் தானே கிழியும். நம் இளைஞரின் தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அதன்பின் காலடி. வெறுங்கையோடு சுவடு மாற்றிச் சுழன்று நிற்கப் பழகிய பின்னரே, நெற்றியளவு உயர்ந்த கம்பு தரப்படும். தென்பாண்டிச் சீமையில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கும் இவ்வினத்ததே. தரையிற் கிடக்கும் உருண்டைக் கல்லை முழங்காலுக்கும், மார்புக்கும், தோளுக்கும் ஏற்றுதல், தொடை முதல் விரல் வரை ஒரே தொடராக உழைப்பது.

வெள்ளைக்காரப் படையினர் நம் கர்லாக்கட்டையைக் கண்டு தம் நாட்டிற்குக் கொண்டுபோயினர். 19ஆம் நூற்றாண்டில் அஃது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி, 1904, 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் ஒரு போட்டியாகவும் நடத்தப்பெற்றது. நாம் மூலையில் எறிந்ததை உலகம் மேடையில் ஏற்றியது.

ஆயுதம் ஒழிந்த காலம்

1767ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் முதலிற் செங்கத்திலும், பின் திருவண்ணாமலையிலும் போர் நிகழ்ந்தது. அதன்பின் நம் சீமை மெல்ல மெல்லப் படைவழி என்னும் நிலையினின்று நீங்கியது. பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் தென்னாட்டில் ஆயுதம் களையும் ஆணை பிறந்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைப் போலீஸ் சட்டத்தால் ஊர்க்காவல் முறை தளர்ந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் அனுமதிச் சீட்டின்றி ஆயுதம் வைத்தல் குற்றமாயிற்று. காவலுக்குக் கூலி போயிற்று. கூலி போகவே பயிற்சிக்குக் காரணம் போயிற்று. எஞ்சியது விழாக்காலத்துக் கம்பு ஒன்றே.

இதனோடு மற்றொரு கேடும் சேர்ந்தது. 1857க்குப் பின் ஆங்கிலப் படைத்தலைவர் சிலர், போர்க்குணம் சில சாதியாரிடத்துப் பிறப்பால் அமைவது என்னும் கொள்கையை வளர்த்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையில் உறுதியுடையவர். வடமேற்கு நாட்டாரே வீரர், தென்னாட்டார் வீரம் குன்றியவர் என்று முடிவு கட்டப்பெற்றது. சென்னைக் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டன. தமிழ் இளைஞருக்குப் படைவாயில் குறுகியது.

அக்கொள்கை பொய்யென்பதை நாளடைவில் தமிழரே மெய்ப்பித்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், சென்னைச் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இத்தாலி நாட்டு மிஞ்ஞானோவில், வெடிக்க இருந்த கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவரே. வீரம் இன்ன திசையிற் பிறப்பது என்றவர்க்கு இதனினும் மறுமொழி வேண்டா.

சகோதரர்காள்! இங்கே சற்று நிற்க வேண்டுகின்றேன். பிறப்பால் வீரர், பிறப்பால் கோழை என்னும் கொள்கை அயலான் வாயிலிருந்து வந்தபோது நம்மைச் சுட்டது. அதே கொள்கையை நாம் எடுத்து, நம் குலம் பிறப்பால் வீரக்குலம், அண்டையார் அங்ஙனமல்லர் என்று எழுதுவோமாயின், அது யாரைச் சுடும்? ஒரே தெருவிற் பயிலவேண்டிய பிள்ளைகள், கம்பை ஒருவர்மேல் ஒருவர் ஓங்குவதற்கு நம் எழுத்து காரணமாதல் கூடும். அது நேராமற் காப்பதும் சங்கத்தின் கடமையே.

புத்துயிர்

நாட்டில் தேகாப்பியாச இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்துயிர் பெற்றது. ஜெர்மானியராகிய சாண்டோ 1904-05இல் இந்தியாவிற் சுற்றுலாச் செய்தார். பின்னர்த் தமிழகத்தில் உடல்வளம் பெற்றவர்க்கு அவர் பெயரே பட்டமாயிற்று. படமெடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் பெயர் யாவரும் அறிந்ததே. ஆந்திரத்துக் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின்மேல் யானையை நிறுத்திக் காட்டினார். பெங்களூரில் கே. வி. ஐயர் யோகாசனத்தையும் பாரப்பயிற்சியையும் இணைத்துக் கற்பித்தார். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். பள்ளிக்கூடங்களுக்கு டிரில் ஆசிரியர் பலர் அங்கிருந்து வந்தனர்.

சிலம்பத்திற்கும் நற்காலம் பிறந்துள்ளது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பெற்றது. பெண்மக்களும் திரளாகக் கம்பெடுத்துப் பயில்கின்றனர். திரௌபதியை வழிபடும் சீமைக்கு இது வியப்பன்று.

உடல்நூல் கூறுவது

இக்கால உடல்நூலார் கண்டவை பழைய ஒழுங்கை உறுதி செய்கின்றன. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரரைத் தேற்றிய அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல், சிறு பாரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் தசை வலிமை விரைந்து மீளும் என்று காட்டினார். தொடக்க வாரங்களில் ஏறும் வலிமை பெரும்பாலும் நரம்பு தசையை ஏவக் கற்பதால் வருவது; தசை பருப்பது அதன் பின்னர். தசையினும் தசைநாண் மெல்லவே உரம் பெறும். ஆகவே வலிமை வந்துவிட்டது என்று எண்ணி அவசரப்படுபவனுக்கே நாண் கிழிகின்றது. வாத்தியார்கள் மாதக்கணக்கில் கம்பு தராமற் காக்கவைத்ததன் நுட்பம் இதுவே எனலாம்.

தசை வளர்வது உழைக்கும்போதன்று. உழைத்தபின் உண்டு உறங்கும்போது. பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பர். இதற்கு டப்பாப் பொடியே வேண்டும் என்பதில்லை. நம் புன்செய் தரும் நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராமும், கொள்ளில் ஏறத்தாழ 22 கிராமும் புரதம் உண்டு. இவற்றோடு பாலும் முட்டையும் மீனும் சேரின் போதும். சிறுவர் பாரப்பயிற்சி செய்தால் வளர்த்தி குன்றும் என்னும் அச்சமும் ஆதாரமற்றது. அறிந்தவர் மேற்பார்வையும், அளவான பாரமும் இருத்தல் வேண்டும்.

விண்ணப்பம்

ஆதலின் சங்கத்தாரிடத்து யான் வேண்டுவன சில. ஒவ்வொரு கிராமத்திலும் மண்தரையோடு கூடிய கரடிக்கூடம் ஒன்று அமைத்தல். அதில் முதல் ஆறு திங்கள் தண்டால், பஸ்கி, கர்லா, காலடி ஆகியவற்றின் பின்னரே கம்பு தருதல். மூப்புற்ற வாத்தியார்கள் வாழும்போதே அவர்தம் வரிசைகளையும், எண்ணிக்கைகளையும், கர்லாச் சுற்றுகளின் பெயர்களையும் கேட்டெழுதிக் காத்தல். ஈற்றில், முதன்மையாக, அக்கூடத்தின் கதவை எக்குலத்துப் பிள்ளைக்கும் ஆணும் பெண்ணும் என்னும் வேற்றுமையின்றித் திறந்துவைத்தல். கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடமளித்த சீமை இது. அண்டைவீட்டுப் பிள்ளைக்குக் கூடத்தில் இடமளிக்கலாகாதோ?

நம் முன்னோர் வீரராய் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் அங்ஙனம் ஆனது, நாள்தோறும் நடந்தும், சுமந்தும், ஏறியும், வியர்த்தும். அவ்வியர்வையே நாம் அவர்களிடத்திற் பெற்ற பிதிரார்ஜிதம். அதனை உழைத்தே அடையவேண்டும். நாளை வைகறையில் ஒரு பிள்ளையேனும் மண்ணைத் தொட்டு வணங்கிப் பத்துத் தண்டால் எடுப்பானாயின், யான் முன்பு எழுதிய புகழுரைகள் அனைத்திற்கும் இக்கட்டுரை ஈடாகும்.

அண்ணாமலையார் அருளால் நம் மக்கள் உடலும் உள்ளமும் உரம் பெற்று ஓங்குக!